அம்மாவின் பிறசர்ப் புத்தகம்

அந்தப் பெட்டி வந்த காலையில் நான் இரவு வேலை முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செற்றியில் கிடந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். அம்மா திறக்கமாட்டார். முன்பின் தெரியாதவர்கள் தட்டினால் குசினி வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பார். ஆகவே நான்தான் எழும்பிப் போய்க் கையெழுத்து வைத்தேன். ஒரு குழந்தையைக் கிடத்தலாம், அவ்வளவு பெரிய பெட்டி.

"என்ன பிள்ளை உது?"

"உங்கடை இன்சூரன்ஸ்காரர் அனுப்பினது. வீட்டிலை வைச்சிருக்கிற மருந்துச் சாமானாம்."

"எவ்வளவு குடுக்கவேணும்?"

"ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. சும்மா."

"சும்மா ஆர் குடுக்கிறாங்கள்? கடிதத்தை வடிவா வாசிச்சனியோ?"

வடிவாக வாசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அம்மா நகரத்துக்குள் ஒரு ஹோட்டல் லோன்ட்ரியில் பத்து வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர். அந்தப் பத்து வருடத்தில் மிஞ்சியது ஒரு நொண்டி முழங்காலும், யூனியன் வாங்கிக்கொடுத்த ஒரு மருத்துவ இன்சூரன்ஸும். அறுபத்தைந்து தாண்டிய அங்கத்தவர்களுக்கு ஒரு பெட்டி இலவசமாகத் தருகிறோம், வேண்டியதற்குப் புள்ளடி போடுங்கள் என்று கடிதம் வந்தபோது, அஜக்ஸுக்கு எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வண்டிக்குள் இருந்து எல்லாவற்றுக்கும் புள்ளடி போட்டு அனுப்பிவிட்டேன். யோசிக்கிற சக்தி என்னிடம் அப்போது இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு உயர்ந்த கட்டிடத்தின் ஒன்பதாம் மாடியில், ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். இரவில் அஜக்ஸில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டிகளில் அடுக்குவேன். பின்னேரம் நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. இரண்டும் ஏஜென்சிக்கூடாக வந்த வேலைகள். போனால் சம்பளம், போகாவிட்டால் இல்லை. தம்பி வழியில் பாங்கொக்கில் அகப்பட்டு நின்றான். அவனை இங்கே கொண்டுவந்து சேர்க்கும்வரைக்கும் என்று சொல்லிச் சொல்லியே நான் நாற்பத்தேழு வயதுக்கு வந்து நின்றேன். காலை எட்டு மணிக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிவரை உலகம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அம்மா பாயை விரித்துப் பெட்டியைப் பிரித்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். அம்மா ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பார்த்தார். பண்டேஜ் துணி நல்ல துணி. காய்ச்சல் பார்க்கிற கோல் இலேசாக இருக்கிறது, இரண்டு நாளைக்குத்தான் நிற்கும். குளிக்கிற தொட்டிக்குள் விரிக்க ஒரு ரப்பர்ப் பாய். நாளுக்கொரு குளிசை மாத்திரை போட்டுவைக்க ஏழு அறையுள்ள டப்பா. ஒரு போத்தல் விற்றமின். கட்டிலடியில் வைத்து ஆளைக் கூப்பிட ஒரு சின்ன மணியும் இருந்தது. அதை நான் அன்றே ஒளித்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் அடியில்தான் இரத்த அழுத்தம், எங்கள் பேச்சில் பிறசர், பார்க்கிற மிசின் இருந்தது. கையில் பட்டியைச் சுற்றி ரப்பர்க் குமிழை அமுக்கவேண்டும். இலக்கங்கள் ஒரு கீச்சுச் சத்தத்தோடு சின்னக் கண்ணாடியில் விழும். கூடவே ஒரு புத்தகம். ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதி, மாதம் முடியக் கார்பன் பிரதியைக் கிழித்துத் தபாலில் போட்டால் அவர்களுடைய நேர்ஸ் ஒருத்தி பார்த்துத் தொலைபேசியில் கதைப்பாளாம். அம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்க வராது, ஆனால் இலக்கங்களை அச்சுப்போல எழுதுவார். தன் கையில் பார்த்தார். பிறகு பட்டியை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கையைக் காட்டு. உனக்கும் ஒருக்காப் பாப்பம்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

"உன்ரை கொப்பரும் உப்பிடித்தான் சொன்னவர்."

அப்பா ஐம்பத்தொரு வயதில் போனவர். கந்தோர் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி வரமுன்னம் ஆள் இல்லை. தலைக்குள் நரம்பு வெடித்தது, பிறசராக இருக்கும் என்று டொக்டர் சொன்னார். அதற்குமுன் அப்பாவின் கையில் ஒருவரும் பிறசர் பார்த்ததில்லை. இதையெல்லாம் நினைத்திருந்தால் நான் கையை நீட்டியிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது.

"பாத்து இருக்கெண்டு வந்தால் என்ன செய்யிறது? வேலைக்கு ஆர் போறது? உங்களுக்கு மருந்து சும்மா வரும், எனக்கு ஆர் தரப்போறாங்கள்? இனிமேல் உந்தப் பட்டியை என்ரை பக்கம் கொண்டுவராதேங்கோ."

அம்மா பட்டியைச் சுருட்டி வைத்தார். பார்த்தால்தான் அது வருத்தம், பார்க்காவிட்டால் வெறும் களைப்பு. அப்படித்தான் அந்தக் காலத்தில் நான் கணக்கு வைத்திருந்தேன். காலையில் பிடரி வலிப்பதும் படியேறினால் காது இரைவதும், அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னாலும், எல்லாம் அந்தக் களைப்புக்குள் அடங்கின.

மிசினின் புகழ் இரண்டு கிழமைக்குள் கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு முடிய, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டதால் பொழுது போகாமல் இருந்த வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். லிஃப்டில் என்னைக் கண்டால், "பிறசர் அன்ரி வீட்டிலையோ?" என்று கேட்பார்கள். ஐந்தாம் மாடி அங்கிள் ஒருவர் பட்டியைக் கட்டுமுன் தேவாரம் ஒன்றை முணுமுணுத்துவிட்டுத்தான் கையைக் கொடுப்பார். அம்மா எல்லோருக்கும் பார்ப்பார். ஆனால் அவர்களுடைய இலக்கங்களைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதிக் கொடுப்பார். புத்தகத்தில் விடமாட்டார்.

"உது இன்சூரன்ஸ் புத்தகம். கண்டவையின்ரையையும் எழுதேலாது" என்பார்.

முதல் மாதத் தாள் போன பிறகு நேர்ஸ் தொலைபேசி எடுத்தாள். அம்மா என்னை உலுக்கி எழுப்பி றிசீவரைக் காதில் வைத்தார். பாதி நித்திரையில் கேட்டேன். உன் தாயாரின் பிறசர் மிகவும் கூட, நூற்றி எண்பத்தெட்டு, நூற்றித் தொண்ணூற்றிரண்டு என்றெல்லாம் எழுதியிருக்கிறார், கீழ் இலக்கமும் நூற்றிப் பத்துக்கு மேலே போகிறது, உடனே டொக்டரிடம் கொண்டுபோ என்றாள். என் நித்திரை ஓடிப்போய்விட்டது. அப்பாவுக்கு அடுத்தது அம்மாவா என்று நினைத்தேன்.

எனக்குப் பயம் வந்தால் அது வாயில் ஏச்சாகத்தான் வரும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் இலக்கங்களை எழுதிவிட்டீர்களா என்று முதலில் பாய்ந்தேன். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக அம்மா மறுத்தார். அப்படியானால் உப்புத்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். ஊறுகாய்ப் போத்தலையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் மோர் மிளகாயையும் எடுத்து ஐந்தாம் மாடி அங்கிளிடம் கொடுத்தேன். அவருக்கும் பிறசர் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் நினைவு வந்தது. உப்பில்லாத சோற்றையும் உப்பில்லாத பருப்பையும் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலை" என்றார் அம்மா.

"நீங்கள் குப்பைக்குப் போகாமல் இருக்கிறதுக்குத்தான் இது. சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். மறுத்துப் பேசவில்லை. அது அவருடைய சுபாவம் இல்லையே என்று எனக்கு அப்போது பட்டிருக்க வேண்டும்.

குடும்ப டொக்டர் அம்மாவின் கையில் பார்த்தார். நூற்றி அறுபத்தாறு. கூடத்தான், ஆனால் புத்தகத்தில் இருந்த அளவு இல்லை. வீட்டில் இன்னும் ஏறுகிறதுபோல இருக்கிறது, ஒவ்வொரு நாளும் எழுதிய புத்தகத்தைத்தான் நான் நம்புவேன் என்று சொல்லி, காலையில் ஒன்று போடும்படி பலமான குளிசை எழுதிக் கொடுத்தார். தலைசுற்று, மயக்கம், நெஞ்சுநோ ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தபடி, "பிடரி வலிக்கும். படியேறேக்கை காது இரையும். அதையும் சொல்லு" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிக் களைப்பு என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை, நாலு மணிக்கு வேலை இருந்தது.

அதன்பிறகு காலைத் தேத்தண்ணியோடு எனக்கும் ஒரு குளிசை வரத் தொடங்கியது. கோப்பைத் தட்டின் ஓரத்தில் இருக்கும்.

"என்ன இது?"

"பெட்டியிலை வந்த விற்றமின். நான் ஒராள் எத்தினையைப் போடுறது? பழுதாப் போகப்போகுது, விழுங்கு."

விழுங்கினேன். அந்த நேரத்தில் சட்டைப் பொத்தானைத் தந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் நேர்ஸ் சந்தோசமாகக் கதைத்தாள். இலக்கங்கள் இறங்குகின்றனவாம். நூற்றி எழுபது, நூற்றி ஐம்பது, பிறகு நூற்றி நாற்பதுக்குக் கீழே. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம். என்னுடைய உப்பில்லாச் சமையல்தான் அம்மாவைக் காப்பாற்றியது என்று தொழிற்சாலை வானுக்குள் எல்லோருக்கும் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குச் செய்முறைகூடச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா வீட்டில் அந்தப் பச்சைத் தண்ணீர்ப் பருப்பை இரண்டாவது மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இலவசப் பெட்டி வாங்கியவர்களை ஒரு தடவை நேரில் வந்து பார்ப்பது அவர்களுடைய ஒழுங்கு. நேர்ஸ் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தாள். ஜமேக்காவில் பிறந்தவள், என் வயதிருக்கும், பனியில் நடந்து வந்த சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவைத்தாள். அதிலேயே அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. நான் படுக்காமல் கண் எரிய எரிய உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியில் வந்த மிசினையே எடுத்து அம்மாவின் கையில் பட்டியைக் கட்டினாள். நூற்றித் தொண்ணூற்றாறு. அவள் முகம் மாறியது. ஐந்து நிமிடம் இருக்கவைத்துத் திரும்பவும் பார்த்தாள். நூற்றித் தொண்ணூற்றிநாலு. புத்தகத்தை எடுத்தாள். முந்தின நாள் பக்கத்தில் நூற்றி முப்பத்திரண்டு என்று அம்மாவின் அச்சு எழுத்து. மிசின் பழுதோ தெரியாது என்று சொல்லிக்கொண்டே, பக்கத்தில் இருந்த கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றினாள். அது என்னுடைய கை. வந்த மனுசியின் முன்னால் முரண்டுபிடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"உனக்கு எவ்வளவாம்?" அம்மா அவசரமாகக் கேட்டார். தன்னுடையது எவ்வளவு என்று அதுவரை அவர் கேட்கவே இல்லை.

"நூற்றி முப்பத்திநாலு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, இறங்கீட்டுது" என்றார்.

இறங்கிவிட்டதா? கனடாவுக்கு வந்த நாளிலிருந்து என் கையில் ஒருவரும் பிறசர் பார்த்ததில்லை.

"எதிலையிருந்து இறங்கினது, அம்மா?"

நான் நேர்ஸின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மூன்று மாதப் பக்கங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. ஞாயிறு எனக்கு லீவு. அன்றைக்கு மட்டும்தான் நான் பகலில் நித்திரை கொள்வதில்லை.

"நான் படுத்திருக்கேக்கையோ பாத்தனீங்கள்?"

"நீ முழிச்சிருக்கேக்கை பாக்க விட்டனியே?" அம்மாவுக்கும் கோபம் வந்தது. "நித்திரை கொண்டால் நீ பிணம். துவாயை மிசினுக்கு மேலை போட்டிட்டுப் பாத்தன், சத்தம் கேக்காமல். முதல் நாள் பாத்த உடனை என்ரை குலை நடுங்கீட்டுது. அதை நான் எங்கை எழுத? எனக்குத்தானே புத்தகம் தந்தவங்கள். உனக்கு ஆர் தந்தது?"

"அப்ப எனக்கு விற்றமின் எண்டு தந்தது?"

"டொக்டர் தந்த குளிசைதான்."

"நீங்கள் என்ன போட்டனீங்கள்?"

"ஒராளுக்குத்தானே பிள்ளை தந்தது."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டு மாதமாக நான் அவருடைய மருந்தைத் தின்றிருக்கிறேன். அவருக்கு உப்பில்லாத சோற்றைக் கொடுத்து, அதற்கு வானுக்குள் பெருமையும் பேசியிருக்கிறேன்.

"உங்களுக்கென்ன விசரே? விழுந்து செத்திருந்தால் நான் என்ன செய்யிறது?"

"நான் செத்தால் நீ ரெண்டு நாள் அழுவாய். நீ செத்தால் நான் இஞ்சை ஆரோடை கதைக்கிறது?"

நேர்ஸ் எங்கள் இரண்டுபேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"உவளுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னால் குளிசையை நிப்பாட்டிப்போடுவாங்கள். மிசின் பழுதெண்டு சொல்லு."

சொல்லியிருக்கலாம். பத்து வருடமாக அந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் நான்தான் வாய். நான் சொல்வதுதான் அம்மா சொன்னது. மிசின் பழுது என்றால் புது மிசின் வரும், எல்லாம் பழையபடி நடக்கும், நான் நாலு மணிக்கு வேலைக்குப் போகலாம். அந்தக் களைப்பில் அது எவ்வளவு சுகமான பொய்யாகத் தெரிந்தது என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் நினைக்கிறேன். ஆனால் நூற்றித் தொண்ணூற்றாறு அம்மாவின் சொந்த இலக்கம். அப்பாவுக்கு அது எத்தனையாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தில் இருப்பது என்னுடைய பிறசர், அம்மாவின் குளிசையைப் போட்டது நான் என்று சொன்னேன். நேர்ஸ் கோபிப்பாள் என்று நினைத்தேன். எழும்பிக் குசினிக்குள் போனாள். குளிசைப் போத்தலையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் கொண்டுவந்து, ஒரு குளிசையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். இதை என் கண் முன்னால் விழுங்கச் சொல்லு, பின்னேரத்துக்குள் டொக்டரைப் பார்க்கவும் வேண்டும், அவர் தன்னுடைய மருந்தைத் தானே போடாவிட்டால் எந்த நேரமும் விழுந்துவிடுவார் என்றாள். நான் ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

அம்மா குளிசையைப் பொத்திப் பிடித்தார்.

"அப்ப உனக்கு?" என்றார்.

என்ன சொல்கிறார் என்று நேர்ஸ் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் திரும்ப வந்து இருந்து, இன்சூரன்ஸ் படிவத்தை மடியில் எடுத்துப் பார்த்தாள். அதில் அம்மாவின் பெயருக்குத்தான் இடம் இருந்தது. அவள் பேனையை மூடினாள்.

"நாளைக்கு நானும் டொக்டரிட்டைக் காட்டுறன், அம்மா. இப்ப போடுங்கோ."

"நாளைக்கு நீ போகமாட்டாய். எனக்குத் தெரியும் உன்னை. இண்டைக்கு என்னோடை வா. வேலைக்குப் போன் எடு."

"இண்டைக்கு ஏலாது. ஆள் இல்லாமல் நிப்பாங்கள்."

"அப்ப நானும் போடேல்லை."

நேர்ஸுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவள் தொலைபேசியை எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்தாள். அம்மா பொத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீசுச் சொற்கள் ஒரு கைப்பிடி. "சிக்" அவற்றில் ஒன்று, சுகமில்லை என்று அர்த்தம். லோன்ட்ரியில் மற்றவர்கள் லீவு எடுக்கும்போது சொல்லிக் கேட்ட சொல். பத்து வருடத்தில் தான் ஒருநாளும் சொல்லாத சொல். அதைத்தான் அவர் இப்போது என்னிடமிருந்து எதிர்பார்த்து இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

ஏஜென்சிக்கு எடுத்தேன். இன்றைக்கு இரண்டு வேலைக்கும் வரமாட்டேன், நான் சிக் என்று சொன்னேன். மறுபக்கத்தில் இருந்தவன், நீயா, என்று கேட்டான். நான்தான் என்றேன்.

நான் றிசீவரை வைத்து, எங்கள் இரண்டுபேருடைய குளிர் ஜக்கெற்றுகளையும் எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் அம்மா அந்தக் குளிசையை வாயில் போட்டார்.